இரண்டே மாதத்தில் திசை மாறிய கடல்

உலகப் போர் வரலாறு – அத்தியாயம் 31

1943 மார்ச் 16ஆம் தேதி இரவு, வட அட்லாண்டிக்கின் நடுவே இரண்டு கான்வாய்கள் கிழக்கு நோக்கிப் போய்க்கொண்டிருந்தன. இரண்டும் நியூயார்க்கில் புறப்பட்டவை. இரண்டும் போய்ச் சேர வேண்டிய இடம் பிரிட்டன். முன்னால் போன எஸ்.சி. 122இல் இருந்தவை மெதுவாக ஓடும் கப்பல்கள். பின்னால் வந்த எச்.எக்ஸ். 229 சற்று வேகமானது என்பதால் இடைவெளி குறைந்துகொண்டே வந்தது. கோதுமை, இறைச்சி, சர்க்கரை, எண்ணெய், வெடிமருந்து என்று பிரிட்டன் உயிர் வாழவும் போரிடவும் தேவையான எல்லாம் அந்தக் கப்பல்களில் இருந்தன. ஏறத்தாழ 40 ஜெர்மன் நீர்மூழ்கிகள் அவற்றின் மேல் ஏவப்பட்டன. 19ஆம் தேதி வேட்டை ஓய்ந்தபோது 22 சரக்குக் கப்பல்கள் கடலுக்கடியில் கிடந்தன. ஜெர்மனி இழந்தது ஒரே ஒரு நீர்மூழ்கியை.

கூட்டமாக, போர்க்கப்பல்களின் காவலோடு போனால்தான் பிழைக்கலாம் என்பது முதல் உலகப் போரில் உயிரைக் கொடுத்துக் கற்ற பாடம். அந்தப் பாடமே பொய்த்துவிட்டதோ என்ற பயம் லண்டனில் கடற்படைத் தலைமையகத்தைப் பிடித்துக்கொண்டது. கான்வாய் முறை பயன்படாது என்றால் அதற்கு மாற்றாக வேறெதுவும் யாரிடமும் இல்லை.

அதிலிருந்து சுமார் ஒன்பது வாரம் கழித்து, மே 24ஆம் தேதி, ஜெர்மன் கடற்படைத் தலைவர் கார்ல் டோனிட்ஸ் தன் நீர்மூழ்கிகளை வட அட்லாண்டிக் கான்வாய்ப் பாதையிலிருந்து விலகச் சொல்லி உத்தரவிட்டார். துரத்தியவர் ஓட, ஓடியவர் துரத்தும் நிலை வந்துவிட்டது. இடையில் என்ன நடந்தது?

ஸ்டாலின்கிராடையும் எல் அலமைனையும் முந்தைய அத்தியாயங்களில் பார்த்தோம். போரின் திருப்புமுனை என்றதும் எல்லோருக்கும் அவைதான் நினைவுக்கு வருகின்றன. அட்லாண்டிக்கில் நடந்தது அவற்றுக்குக் கொஞ்சமும் குறைந்ததல்ல என்பது என் உறுதியான எண்ணம். ஸ்டாலின்கிராடில் ரத்தம் சிந்தி வென்றது சோவியத் மக்கள் மட்டுமே. அட்லாண்டிக்கிலோ எந்த ஒரு நாட்டாலும் தனியாக வென்றிருக்க முடியாது. நேச நாடுகள் என்ற பெயர் முழு அர்த்தத்தோடு பொருந்துவது இந்தப் போர்க்களத்துக்குத்தான்.

முதலில் ஆபத்தின் அளவைப் பார்ப்போம். போருக்கு முன்பு பிரிட்டன் தன் உணவில் பெரும்பகுதியை வெளிநாடுகளிலிருந்து கப்பலில் வரவழைத்தது. டாங்கியும் விமானமும் ஓடத் தேவையான எண்ணெய் ஏறத்தாழ முழுவதும் கடல் கடந்து வந்தாக வேண்டும். டோனிட்ஸ் போட்ட கணக்கு எளிமையானது: நேச நாடுகள் கட்டுவதைவிட வேகமாக நாம் மூழ்கடித்தால் பிரிட்டன் தானாகப் பணியும். கப்பல் எந்த நாட்டுடையது, எங்கே போகிறது, என்ன சரக்கு என்பதெல்லாம் அவருக்கு இரண்டாம் பட்சம். 1940 ஜூனில் பிரான்ஸ் விழுந்ததும் பிரெஸ்ட், லோரியான், சென் நசேர் துறைமுகங்கள் அவர் கைக்கு வந்தன. நீர்மூழ்கிகள் நேராக அட்லாண்டிக்கில் இறங்கின. பகலில் ஒரு நீர்மூழ்கி கான்வாயைக் கண்டு வானொலியில் தகவல் சொல்லும். ஓநாய்க் கூட்டம்போல மற்றவை வந்து சேரும். இரவில் எல்லாம் ஒரே நேரத்தில் பாயும். 1942இல் மட்டும் நீர்மூழ்கிகள் 60 லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட கப்பல்களை மூழ்கடித்தன. போர் முழுவதிலும் தன்னை உண்மையில் அச்சுறுத்தியது இந்த ஒன்றுதான் என்று சர்ச்சில் பின்னாளில் எழுதியது மிகையே அல்ல.

அந்தக் கடலில் யார் யார் இருந்தார்கள் என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். நேச நாடுகள் என்றால் சர்ச்சில், ரூஸ்வெல்ட், ஸ்டாலின் மூவரும் உட்கார்ந்திருக்கும் புகைப்படம்தான் நம் மனத்தில் வருகிறது. அட்லாண்டிக்கில் இருந்தது வேறு கூட்டம்.

1940 ஏப்ரல் 9இல் ஜெர்மனி நார்வேக்குள் நுழைந்தபோது அந்தச் சின்ன நாட்டின் 1,000 சரக்குக் கப்பல்கள் உலகக் கடல்களில் சிதறிக் கிடந்தன. அவற்றில் பல, நவீன எண்ணெய்க் கப்பல்கள். ஜெர்மன் ஆதரவுப் பேர்வழி க்விஸ்லிங் அவற்றை நாட்டுக்கோ நடுநிலைத் துறைமுகங்களுக்கோ திரும்பச் சொல்லி வானொலியில் ஆணையிட்டார். கேப்டன்கள் மறுத்தார்கள். ஊரில் மனைவி மக்கள் எதிரியின் பிடியில் இருக்கிறார்கள் என்று தெரிந்தே மறுத்தார்கள். நாடு கடந்த நார்வே அரசு லண்டனில் அமைத்த நூர்ட்ராஷிப் என்ற ஒரே நிறுவனத்தின் கீழ் அந்தக் கப்பல்கள் வந்தன. பிரிட்டனுக்கு வந்த எண்ணெயில் பெரும் பங்கைச் சுமந்தவை அவைதான். டார்பிடோ பட்ட எண்ணெய்க் கப்பலில் இருப்பவர்களுக்குக் கடலில் குதித்தாலும் கதியில்லை, கடலே எரியும். ஐந்து ஆண்டுகள் அந்த வேலையைச் செய்தார்கள்.

பிரிட்டிஷ் கொடி பறந்த சரக்குக் கப்பல்களில் வேலை செய்தவர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் இந்தியர். சில்ஹெட், சிட்டகாங், கொங்கணக் கரை, கோவா ஆகிய இடங்களிலிருந்து கல்கத்தா, பம்பாய்த் துறைமுகங்களில் ஆள் எடுக்கப்பட்டவர்கள். லாஸ்கர்கள் என்று அழைக்கப்பட்ட இவர்களில் பலர் நீர்மட்டத்துக்குக் கீழே கொதிகலன் அறையில் கரி அள்ளிப் போட்டார்கள். டார்பிடோ பாயும் இடமும் அதுதான். வெள்ளை மாலுமி வாங்கிய சம்பளத்தில் ஒரு சிறு பகுதிதான் இவர்களுக்கு. போர் தொடங்கியவுடனே, 1939இல், கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். பலர் சிறைக்குப் போனார்கள், ஆனால் கூலி உயர்ந்தது. தங்களைக் கேட்காமல் தங்கள் பெயரில் அறிவிக்கப்பட்ட போரில் 6,000க்கும் மேற்பட்ட இந்திய மாலுமிகள் மாண்டார்கள். கடலில் போனவர்களுக்குக் கல்லறை ஏது? அவர்களின் பெயர்கள் மும்பையிலும் சிட்டகாங்கிலும் இருக்கும் பதிவேடுகளில் எழுதி வைக்கப்பட்டிருக்கின்றன. நேச நாடுகளின் வெற்றியைப் பற்றி எழுதும் எவரும் இவர்களைத் தாண்டிப் போகக் கூடாது.

இனி காவல் கப்பல்கள். போர் தொடங்கியபோது கனடாவிடம் இருந்த நாசகாரிக் கப்பல்கள் ஆறு. 1943 தொடக்கத்தில் வட அட்லாண்டிக் காவலில் ஏறத்தாழ பாதி கனடாவின் பொறுப்பு. இந்த வளர்ச்சிக்கு அச்சாணி கொர்வெட் என்ற குட்டிக் கப்பல். திமிங்கல வேட்டைக் கப்பலின் வரைபடத்தைத் திருத்தி, சாதாரண வணிகக் கப்பல் பட்டறையிலும் கட்டக்கூடியதாகச் செய்தது. நீளம் 205 அடி. கொஞ்சம் காற்றடித்தாலே உருளும். அலை அடித்து உள்ளே வரும் தண்ணீர் வடியாது. படுக்கை, உடை, ரொட்டி எல்லாம் நனைந்து கிடக்கும். கனடாவின் சமவெளிகளில் கோதுமை வயல்களைத் தவிர வேறெதுவும் பார்க்காத பையன்கள் அதில் ஏறினார்கள். பயிற்சி போதவில்லை, கருவிகள் பழையவை. 1942 டிசம்பரில் கனடியர்கள் காத்த ஓ.என்.எஸ். 154 கான்வாய் 14 கப்பல்களை இழந்தது. பிரிட்டன் அவர்களை நடுக்கடலிலிருந்து விலக்கிப் பயிற்சிக்கு அனுப்பச் சொன்னது. கனடாவுக்கு அது பெரிய அவமானமாக இருந்தது. ஆனாலும் ஒப்புக்கொண்டார்கள், பயிற்சி பெற்றார்கள், திரும்பி வந்தார்கள்.

போலந்தின் புர்ஸா என்ற நாசகாரி அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் காம்ப்பெல்லோடு சேர்ந்து 1943 பிப்ரவரியில் ஒரு நீர்மூழ்கியை ஒழித்தது. மோதியதில் காம்ப்பெல் செயலிழந்து நிற்க, புர்ஸா அதற்குக் காவல் நின்றது. மார்ச் 11ஆம் தேதி நடந்தது இன்னும் உக்கிரமானது. பிரிட்டனின் ஹார்வெஸ்டர் என்ற நாசகாரி ஒரு நீர்மூழ்கியை இடித்து, தானும் நகர முடியாமல் நின்றது. சுதந்திர பிரெஞ்சுப் படையின் அகோனி என்ற கொர்வெட் வந்து அந்த நீர்மூழ்கியை முடித்தது. அதற்குள் இன்னொரு நீர்மூழ்கி ஹார்வெஸ்டரை மூழ்கடித்துவிட்டது. அகோனி திரும்பிப் போய் அதையும் தீர்த்தது. ஒரே நாளில் இரண்டு. பிரான்ஸ் முழுவதும் எதிரிகளின் பிடியில் இருந்த நாள் அது.

இத்தனை வீரம் இருந்தும் மார்ச் மாதம் ஏன் அப்படிப் போனது? வீரர்களுக்கு மேலே இருந்தவர்கள் ஒத்துப்போகவில்லை என்பதே என் பதில்.

அமெரிக்கக் கடற்படைத் தலைவர் எர்னஸ்ட் கிங்கின் மனம் பசிபிக்கில் இருந்தது; பிரிட்டிஷ்காரர்கள் மேல் அவருக்கு நல்லெண்ணமும் கிடையாது. பிரிட்டனின் குண்டுவீச்சுப் படைத் தலைவர் ஆர்தர் ஹாரிஸ், நீண்ட தூரம் பறக்கும் விமானங்கள் எல்லாம் ஜெர்மன் நகரங்களின் மேல் குண்டு போடவே வேண்டும் என்று நின்றார். கடலில் பாதி காவலைச் செய்த கனடாவுக்குத் தன் கடற்பகுதியிலேயே தளபதி பதவி கிடையாது, அமெரிக்க அதிகாரிக்குக் கீழே இருக்க வேண்டியிருந்தது. இந்த இழுபறியின் விலை கிரீன்லாந்துக்குத் தெற்கே தெரிந்தது. ஐஸ்லாந்து, அயர்லாந்து, நியூஃபவுண்ட்லாந்து ஆகிய எந்தப் பக்கத்திலிருந்தும் விமானம் எட்டாத பல நூறு மைல் அகலப் பரப்பு அங்கே இருந்தது. தலைக்கு மேல் விமானம் இருந்தால் நீர்மூழ்கி முங்கியே கிடக்க வேண்டும். முங்கினால் கான்வாயைத் துரத்தும் வேகம் அதற்கு இல்லை. விமானம் இல்லாத அந்த இடத்தில் டோனிட்ஸின் கூட்டங்கள் நிம்மதியாக மேலே மிதந்தன. அமெரிக்காவில் தயாரான லிபரேட்டர் விமானத்தைத் தேவையற்ற பாரமெல்லாம் கழற்றிக் கூடுதல் எரிபொருள் ஏற்றினால் அந்தப் பரப்பை எட்டும். 1943 தொடக்கத்தில் அட்லாண்டிக்கில் அப்படிப்பட்ட விமானங்கள் 20கூட இல்லை. ஆயிரக்கணக்கில் விமானம் கட்டிக்கொண்டிருந்த கூட்டணிக்கு அது மன்னிக்க முடியாத குறை.

ஜனவரியில் காசபிளாங்காவில் சந்தித்த சர்ச்சிலும் ரூஸ்வெல்ட்டும் நீர்மூழ்கிகளை ஒழிப்பதே முதல் வேலை என்று முடிவு செய்தார்கள். முடிவு காகிதத்தில் கிடந்தது. மார்ச் 1 முதல் 12 வரை வாஷிங்டனில் நடந்த அட்லாண்டிக் கான்வாய் மாநாடுதான் அதற்கு உயிர் கொடுத்தது. வட அட்லாண்டிக் கான்வாய்களை பிரிட்டனும் கனடாவும் பார்த்துக்கொள்ளும். மத்திய அட்லாண்டிக்கையும் எண்ணெய்க் கப்பல் பாதைகளையும் அமெரிக்கா பார்த்துக்கொள்ளும். வடமேற்கு அட்லாண்டிக்குக்கு ஒரு கனடியத் தளபதி: ஹாலிஃபாக்ஸில் இருந்த லெனார்ட் மர்ரி ஏப்ரல் 30இல் பொறுப்பேற்றார். கனடிய விமானப் படைக்கு லிபரேட்டர்கள் கொடுக்கப்படும். மார்ச் நடுவில் நடந்த பேரழிவுக்குப் பிறகு விமானங்கள் நகர ரூஸ்வெல்ட்டே தலையிட வேண்டியிருந்தது. நகர்ந்தன. மே மாதத்தில் அந்தப் பரப்பின் மேல் இரு கரைகளிலிருந்தும் விமானங்கள் பறந்தன. விமானம் தாங்கிச் சிறு கப்பல்களும் கான்வாய்களோடு சேர்ந்தன.

யாருக்கு எந்தக் கடல் என்று பிரித்துக்கொண்டதில்தான் அட்லாண்டிக் ஒரே போர்க்களமாக ஆனது. எதிர்ப்பக்கம் இப்படி ஒரு மேசை போடப்படவே இல்லை. இத்தாலி நீர்மூழ்கிகளை போர்தோவுக்கு அனுப்பியது. சில மாதம் சேர்ந்து வேட்டையாடிப் பார்த்துவிட்டு டோனிட்ஸ் அவர்களைத் தனியாக விட்டுவிட்டார். வணிகக் கப்பல்களைத் தாக்குங்கள் என்று ஜெர்மனி கேட்டும் ஜப்பானிய நீர்மூழ்கிகள் பெரும்பாலும் போர்க்கப்பல்களையே தேடின. ஜெர்மனிக்குள்ளேயே விமானப் படைத் தலைவர் கோரிங் தன் விமானங்களைக் கடற்படைக்குக் கொடுக்க மனமில்லாமல் இருந்தார்.

சங்கேதப் போரின் கதையும் இதே மாதிரி கை மாறிக் கை மாறி வந்தது. ஜெர்மனியின் எனிக்மா என்ற சங்கேத இயந்திரத்தை முதலில் உடைத்தவர்கள் போலந்தின் கணித இளைஞர்கள், மரியான் ரெயெவ்ஸ்கி தலைமையில், 1932இலேயே. போர் வெடிக்கச் சில வாரமே இருக்கும்போது, 1939 ஜூலையில், வார்ஸாவுக்கு அருகே ஒரு காட்டில் பிரிட்டிஷ், பிரெஞ்சு அதிகாரிகளை அழைத்துத் தங்களுக்குத் தெரிந்த எல்லாவற்றையும் கொடுத்துவிட்டார்கள். அதன் மேல் பிரிட்டனின் சங்கேத உடைப்பு மையமான பிளெச்லி பார்க்கில் ஆலன் டூரிங்கும் மற்றவர்களும் கட்டினார்கள். 1942 பிப்ரவரியில் ஜெர்மனி அட்லாண்டிக் நீர்மூழ்கிகளுக்கு நான்கு சக்கர எனிக்மாவைக் கொடுத்தது. பத்து மாதம் பிளெச்லிக்குக் கண் தெரியவில்லை.

கண்ணைத் திறந்தவர்கள் மூன்று பேர். 1942 அக்டோபர் 30, கிழக்கு மத்தியதரைக் கடல். பெட்டார்ட் என்ற நாசகாரி யூ-559 என்ற நீர்மூழ்கியை மேலே வரச் செய்துவிட்டது. ஜெர்மானியர்கள் அதைக் கைவிட்டுக் குதித்தார்கள். மூழ்கிக்கொண்டிருந்த அதன் உள்ளே விளக்குகள் இன்னும் எரிந்தன. லெப்டினன்ட் டோனி ஃபாஸனும் மாலுமி காலின் கிரேஸியரும் நீந்திப் போய் உள்ளே இறங்கினார்கள். பெட்டார்டின் கேன்டீனில் வேலை பார்த்த 16 வயது டாமி பிரவுன் ஏணியில் நின்று, அவர்கள் எடுத்துக் கொடுத்த புத்தகங்களை நனையாமல் மேலே கடத்தினான். தண்ணீர் முழங்காலைத் தாண்டியும் இருவரும் மறுபடி இறங்கினார்கள். நீர்மூழ்கி திடீரென்று போய்விட்டது. டாமி மட்டும் மிதந்து வந்தான். அவர்கள் எடுத்தவற்றில் வானிலைக் குறுஞ்செய்திகளுக்கான சங்கேதப் புத்தகம் இருந்தது. அதை வைத்து டிசம்பர் நடுவில் பிளெச்லி மீண்டும் படிக்கத் தொடங்கியது.

மார்ச் 10ஆம் தேதி ஜெர்மனி அந்தப் புத்தகத்தை மாற்றியது. 19ஆம் தேதிதான் பிளெச்லி மறுபடி வழி கண்டது. எச்.எக்ஸ். 229 சிக்கியது நடுவில் இருந்த அந்த இருட்டு நாட்களில்தான். அதே நேரத்தில் நேச நாடுகளின் கான்வாய்ச் சங்கேதத்தை ஜெர்மனி படித்துக்கொண்டிருந்தது. அதை மாற்ற ஜூன் வரை ஆனது. பிறகு அமெரிக்கா ஒஹையோவின் டேட்டனில் நான்கு சக்கர எனிக்மாவுக்கென்றே வேகமான இயந்திரங்களைக் கட்டியபோது பிளெச்லியின் பாரம் பெரிதும் குறைந்தது.

ரேடாரும் அப்படித்தான். பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ராண்டலும் பூட்டும் 1940இல் செய்த மேக்னட்ரான் என்ற உள்ளங்கை அளவுக் கருவி, பத்து சென்டிமீட்டர் அலைநீளத்தில் வேலை செய்தது. அதைப் பெரிய அளவில் தயாரிக்க பிரிட்டனுக்கு வசதியில்லை. அந்த ஆண்டு செப்டம்பரிலேயே பிரிட்டனின் டிசார்ட் குழு அதை ஒரு பெட்டியில் வைத்து அமெரிக்காவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தது. அமெரிக்கா அப்போது போரில்கூட இல்லை. இரவிலும் பனியிலும் நீரின் மேல் துருத்தும் நீர்மூழ்கிக் கோபுரத்தை இந்த ரேடார் காட்டியது. நீர்மூழ்கிகளில் இருந்த எச்சரிக்கைக் கருவிக்கு இந்த அலை கேட்காது.

லிவர்பூலின் டெர்பி ஹவுஸில் ஒரு அறையைச் சொல்லாமல் போக மனமில்லை. காசநோயால் கடற்படையிலிருந்து ஓய்வு பெற்ற கில்பர்ட் ராபர்ட்ஸை 1942 ஜனவரியில் மீண்டும் அழைத்து, நீர்மூழ்கிகள் எப்படித் தாக்குகின்றன என்று கண்டுபிடிக்கச் சொன்னார்கள். அவரிடம் கொடுக்கப்பட்டவர்கள் கடற்படையின் பெண்கள் பிரிவைச் சேர்ந்த இளம்பெண்கள். தரையையே கடலாக்கிக் கட்டம் போட்டார்கள். கப்பல் பொம்மைகளை நகர்த்தி, சாக்பீஸால் பாதை வரைந்தார்கள். பயிற்சிக்கு வந்த கேப்டன் திரைக்குப் பின்னால் நின்று சிறு துளை வழியாகத்தான் பார்க்க முடியும். கடலில் இரவில் எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் அங்கேயும் தெரியும். ஆடி ஆடிப் பார்த்ததில் நீர்மூழ்கி வெளியிலிருந்து சுடுவதில்லை, பின்புறமாகக் கான்வாய்க்குள்ளேயே புகுந்து சுடுகிறது என்று தெரிந்தது. அப்படியானால் காவல் கப்பல்கள் வெளியே ஓடித் தேடுவது வீண். கான்வாயின் பின்புறத்தைச் சல்லடையாகச் சலிக்க வேண்டும். முதல் உலகப் போரில் புகழ்பெற்ற நீர்மூழ்கித் தளபதியான மாக்ஸ் ஹார்டன், அட்லாண்டிக் காவலின் தலைவராக வந்ததும் நீர்மூழ்கியின் பக்கம் ஆடிப் பார்த்தாராம். ஐந்து முறையும் தோற்றார். எதிரே ஆடியவர் ஜேனட் ஓக்கெல் என்ற இருபது வயதுப் பெண். பிரிட்டிஷ், கனடிய, நார்வே, போலந்து அதிகாரிகள் அந்தத் தரையில் ஒரே பாடத்தைப் படித்தார்கள். மொழி வேறு, கொடி வேறு என்றாலும் இரவில் ஒரு கட்டளை வந்தால் எல்லாக் கப்பலும் ஒரே மாதிரி திரும்பின.

இதெல்லாம் ஒன்று சேர்ந்த இடம் ஓ.என்.எஸ். 5.

ஏப்ரல் பிற்பகுதியில் லிவர்பூலிலிருந்து மேற்கே புறப்பட்ட 40க்கும் மேற்பட்ட சரக்குக் கப்பல்கள், பெரும்பாலும் காலி. காவல் தலைவர் பீட்டர் கிரெட்டன், டங்கன் என்ற நாசகாரியில். சன்ஃபிளவர், ஸ்னோஃபிளேக், லூஸ்ஸ்ட்ரைஃப், பிங்க் என்று பூப்பெயர் கொண்ட கொர்வெட்டுகள். சன்ஃபிளவரின் கேப்டன் கனடியர். நாள் கணக்கில் புயல். எண்ணெய் நிரப்பக் குழாயை நீட்ட முடியாத அலை. மே 3ஆம் தேதி எண்ணெய் தீரும் நிலையில் டங்கன் நியூஃபவுண்ட்லாந்துக்குப் போக வேண்டியதாயிற்று. கிரெட்டனுக்கு அது வாழ்நாள் வருத்தம். டே என்ற கப்பலில் இருந்த ராபர்ட் ஷெர்வுட், வணிகக் கப்பலிலிருந்து வந்த மனிதர், பொறுப்பேற்றார். டோனிட்ஸ் 40க்கும் மேற்பட்ட நீர்மூழ்கிகளை அந்தப் பக்கம் குவித்திருந்தார். மே 4 இரவும் 5 பகலும் கப்பல்கள் ஒவ்வொன்றாகப் போயின. கான்வாய் இழந்தது மொத்தம் 13.

5ஆம் தேதி மாலை கடல் அடங்கியது. அடர்ந்த பனி இறங்கியது. நீர்மூழ்கிகளுக்கு எதுவும் தெரியவில்லை. காவல் கப்பல்களின் ரேடார் திரைகளில் எல்லாம் தெரிந்தது. அன்று இரவு தாக்க வந்தவை ஒவ்வொன்றாகப் பிடிபட்டன. லூஸ்ஸ்ட்ரைஃப் ஒன்றை ஆழ்வெடியால் முடித்தது. விடெட் என்ற காவல் கப்பல் முன்னோக்கி வீசும் ஹெட்ஜ்ஹாக் குண்டுகளால் தாக்கியது. துணைக்கு வந்த ஒரிபி என்ற கப்பல் பனிக்குள் எதிரே வந்த யூ-125ஐ இடித்தது. மூழ்கும் அந்த நீர்மூழ்கியை ஸ்னோஃபிளேக் கண்டுபிடித்தபோது ஜெர்மானியர்கள் தண்ணீரில் இருந்தார்கள். அவர்களைத் தூக்கலாமா என்று அது ஷெர்வுட்டிடம் கேட்டது. வேண்டாம் என்று பதில் வந்தது. சுற்றிலும் நீர்மூழ்கிகள் இருக்கும்போது ஒரு கொர்வெட் நின்றால் அதுவும் போகும். 54 பேரும் இறந்தார்கள். அந்தப் பதிலைச் சொன்ன மனிதனை என்னால் குறை கூற முடியவில்லை. அந்த 54 பேரை மறக்கவும் முடியவில்லை.

விடிந்தபோது ஆறு நீர்மூழ்கிகள் போயிருந்தன. டோனிட்ஸ் தாக்குதலை நிறுத்தினார்.

ஓ.என்.எஸ். 5க்கு உதவ வந்த இரண்டாவது துணைக் குழுவில் செனன் என்று ஒரு கப்பல் வந்திருந்தது. அது அமெரிக்கக் கடலோரக் காவல்படைக்குக் கட்டப்பட்டது, 1941இல் பிரிட்டனுக்குக் கொடுக்கப்பட்டது. இரண்டு வாரம் கழித்து, மே 19ஆம் தேதி, கிரெட்டன் காத்த எஸ்.சி. 130 கான்வாயின் அருகே செனனும் ஜெட் என்ற பிரிட்டிஷ் கப்பலும் சேர்ந்து யூ-954ஐ மூழ்கடித்தன. ஒருவரும் பிழைக்கவில்லை. அதில் இருந்த இளம் அதிகாரிகளில் ஒருவன் பீட்டர் டோனிட்ஸ், வயது 21, தளபதியின் மகன். எஸ்.சி. 130 ஒரு கப்பலைக்கூட இழக்காமல் போய்ச் சேர்ந்தது.

மே மாதத்தில் மட்டும் ஜெர்மனி 41 நீர்மூழ்கிகளை இழந்தது. எந்தப் படையும் தாங்க முடியாத எண்ணிக்கை அது. 24ஆம் தேதி விலகல் உத்தரவு வந்தது. தோல்விக்கு ரேடார்தான் காரணம் என்று டோனிட்ஸ் நம்பினார். எனிக்மா உடைபட்டிருக்க வாய்ப்பே இல்லை என்று அவருடைய நிபுணர்கள் திரும்பத் திரும்ப உறுதி சொன்னார்கள். செப்டம்பரில் ஒலியைத் தேடிப் பாயும் புதிய டார்பிடோவோடு திரும்பி வந்தார், எடுபடவில்லை. போர் முடிவதற்குள் சுமார் 780 நீர்மூழ்கிகளும் அவற்றில் போனவர்களில் முக்கால்வாசிப் பேரும் கடலுக்குள் போனார்கள்.

கணக்கின் மறுபாதியும் டோனிட்ஸுக்கு எதிராகத் திரும்பிவிட்டது. பிரிட்டனின் சண்டர்லேண்டில் பிறந்த வரைபடத்தை எடுத்துக்கொண்டு அமெரிக்கப் பட்டறைகள் 2,700க்கும் மேற்பட்ட லிபர்ட்டி கப்பல்களைக் கட்டின. கலிபோர்னியாவின் ரிச்மண்டில் ராபர்ட் இ. பியரி என்ற கப்பல் அடிக்கட்டை வைத்த ஐந்தாம் நாள் தண்ணீரில் இறங்கியது. வேகத்தைக் காட்ட எடுத்த தனி முயற்சி அது என்றாலும், சாதாரண கப்பல்களும் சில வாரங்களில் முடிந்தன. ஜூன் மாதம் வட அட்லாண்டிக் கான்வாய்களில் ஒரு கப்பலும் மூழ்கவில்லை. அந்தப் பாதை வழியாக அடுத்த கோடைக்குள் சுமார் 15 லட்சம் அமெரிக்கப் படையினர் பிரிட்டனில் வந்து குவிந்தார்கள்.

ஆனால் நார்மண்டித் தரையிறக்கத்துக்கு இன்னும் ஓராண்டு இருந்தது. கடலில் கிடைத்த மூச்சை நேச நாடுகள் முதலில் பயன்படுத்தியது மத்தியதரைக் கடலில்: ஜூலை 10ஆம் தேதி விடியலில், சிசிலியின் தென்கரையில். அடுத்த வாரம் அங்கே போவோம்.

(தொடரும்)